கேட்கப்படாத கணக்கு

வங்கி எழுத்தர் வேலைக்கு இன்று நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வில் வாங்கும் மதிப்பெண்தான் எல்லாம். கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் எதற்கு என்று 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் கேட்டார். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணல் நீக்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் தேர்விலும் அதே ஆண்டில் அது நின்றது. சிபாரிசும் கையூட்டும் நுழைகிற இடம் அதுதான் என்பது காரணம்.

நான் 1983இல் அந்த நேர்காணலைக் கடந்துதான் வங்கியில் சேர்ந்தேன். அன்றைக்கு அரசு வேலை, வங்கி வேலை என்றால் நேர்காணல் உண்டு. தனியாரிடம் வேலை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வாய்வார்த்தை போதும். தருமபுரியில் புளி மண்டிக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டுமென்றால், ‘நம்ம பையன்தான், கை சுத்தம்’ என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னால் மறுநாள் காலையில் பேரேட்டைத் திறந்து உட்கார்ந்துவிடலாம். இன்று எல்லாம் தலைகீழ். எழுத்தர் வேலை கணினித் தேர்வோடு முடிந்துவிடுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர வேண்டுமானால் நேர்காணலுக்கு மேல் நேர்காணல். அங்கே கேட்கப்படும் கேள்விகளோ எங்கள் தலைமுறை கேட்டே அறியாதவை.

‘கூட வேலை செய்த ஒருவரோடு உங்களுக்குக் கருத்து வேறுபாடு வந்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தீர்கள்?’ ‘உங்களுக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் மற்றவர்களை இணங்க வைத்தது எப்போது?’ ‘நீங்கள் எடுத்துச் செய்து தோற்றுப்போன ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.’ இப்படிப் போகும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராவதற்கு என்னால் முடிந்த உதவியைச் செய்துவருகிறேன். பெரும்பாலோர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களோடு உட்கார்ந்து பேசப் பேச எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. இந்தப் புதிய கேள்விகள், எங்கள் காலத்துக் கேள்விகளைவிட ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நியாயமானவை. ஆனால் அந்த நியாயம் இன்னும் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. நாம் அவர்களைத் தயார் செய்கிற விதமே அதைத் தடுக்கிறது.

எங்கள் காலத்தில் தயாரிப்பு என்றால் பொது அறிவுதான். காம்பெடிஷன் சக்சஸ் ரிவ்யூ இதழ், மனோரமா இயர்புக், ஆங்கிலத்துக்கு ரென் அண்டு மார்ட்டின். நேர்காணல் முடித்து வந்தவரைத் தட்டச்சுப் பயிலகத்தின் திண்ணையில் உட்கார வைத்துச் சுற்றிக்கொள்வோம். என்னென்ன கேட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். அந்த நோட்டு கைமாறிக் கைமாறி அரூர் வரைக்கும் போகும். நாடு, தலைநகரம், நாணயம் என்று மூன்று பத்தி போட்டு உருப்போட்டோம். அப்பர் வோல்டா, வாகடூகு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். 1984 ஆகஸ்டில் அந்த நாடு புர்கினா ஃபாசோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நோட்டில் அடித்துத் திருத்தி மறுபடி உருப்போட்டார்கள். ரூபாய் நோட்டை எண்ணிக் கட்டுக் கட்டவும், பேரேட்டில் பற்று வரவு எழுதவும் வேண்டிய வேலைக்கு எங்கள் தயாரிப்பு அவ்வளவு தொலைவில் இருந்தது.

இன்னொரு காகிதமும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழ். விண்ணப்பதாரரைப் பல ஆண்டுகளாகத் தெரியும், அவர் நல்ல நடத்தை உடையவர் என்று கெஜட்டட் அதிகாரி ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தர வேண்டும். எங்கள் தெருவில் எந்தக் கெஜட்டட் அதிகாரியையும் யாருக்கும் தெரியாது. உறவினர் ஒருவர் அழைத்துப் போய் அறிமுகம் செய்ய, அன்றைக்குத்தான் என்னை முதன்முதலாகப் பார்த்த ஒரு நல்ல மனிதர் கையெழுத்திட்டார். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அவர் சாட்சி. என்னை நன்றாக அறிந்தவர்கள் எல்லோரும் நான் கணக்கு எழுதிவந்த புளி மண்டியில் இருந்தார்கள். அவர்களிடம் பச்சை மை இல்லை.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார்? விவசாயம் என்றேன். எத்தனை ஏக்கர்? சொன்னேன். சொந்த ஊர் எது, ஊருக்குள் எந்தப் பக்கம்? அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்பது தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். பிறகு நிதி அமைச்சர் யார் என்று கேட்டார்கள். பிரணாப் முகர்ஜி. ரிசர்வ் வங்கியின் ஆளுநர்? மன்மோகன் சிங். நன்றி, போகலாம்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் மாமாவின் புளி மண்டியில் கணக்கு எழுதியவன். பென்னாகரம் பக்கத்திலிருந்தும் அரூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டை வரும். எடை போட்டு, கமிஷன் கழித்து, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் கழித்து, மீதியைக் கையில் கொடுத்துத் துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். ஒருமுறை பெரியவர் ஒருவர், தான் வாங்காத முன்பணத்தைக் கழித்துவிட்டதாகக் கோபத்தோடு வந்தார். மண்டியில் இருந்தவர்கள் அவரோடு வாக்குவாதத்துக்கு நின்றார்கள். நான் அவரை உட்காரச் சொல்லி, அந்தப் பருவத்துச் சிட்டையில் முதல் பக்கத்திலிருந்து அவர் பெயர் வரும் வரிகளை மட்டும் தேதி சொல்லி வாசித்தேன். தைப்பொங்கலுக்கு முதல்நாள் அவர் மகன் வந்து வாங்கிப் போயிருந்தான். அந்த வரியை வாசித்ததும் அவர் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, வீட்டார் யார் வந்து வாங்கினாலும் வாங்கியவர் பெயரையும் சிட்டையில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

வங்கியில் முகப்பில் உட்காரும் ஒருவனிடம் இதைவிட வேறென்ன வேண்டும்? வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்குவது, ஆவணத்தைக் கொண்டு பேசுவது, அதே பிழை திரும்ப வராமல் முறையை மாற்றுவது என மூன்றும் அதில் இருந்தன. ஆனால் மண்டியைப் பற்றி எதிரில் இருந்த மூவரும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று அவர்களிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை. சொல்லலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. மண்டி வேலை, படித்தவன் மறைக்க வேண்டிய வேலை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

இன்றைய கேள்விகள் வந்த வழி நீண்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உளவியல் பணியில் இருந்தவர் ஜான் ஃப்ளானகன். நல்ல விமானிக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, பறக்கும்போது உண்மையில் நடந்த சம்பவங்களைச் சொல்லச் சொல்லித் திரட்டும் முறை அங்கேதான் உருவானது. 1954இல் அதை அவர் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1970களில் அமெரிக்காவின் டிடிஐ நிறுவனம் அந்த வழியிலேயே வேலை நேர்காணலுக்கு ஒரு வடிவம் கொடுத்தது. சூழல் என்ன, உன் பொறுப்பு என்ன, நீ செய்தது என்ன, விளைந்தது என்ன என்ற நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பதில் முழுமை. அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஸ்டார் முறை என்கிறார்கள். ஒருவர் நாளைக்கு எப்படி நடந்துகொள்வார் என்பதை அறிய, நேற்று எப்படி நடந்துகொண்டார் என்று கேள் என்பதே இதன் அடிப்படை.

இது வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணலையும், மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலையும் ஆய்வாளர்கள் பலமுறை ஒப்பிட்டிருக்கிறார்கள். தேர்வு முறையின் கணிப்பும் பின்னாளில் வேலையில் காட்டிய திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரை அளக்கலாம். பால் சாக்கெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மறுபடி கணக்கிட்டு 2022இல் வெளியிட்டார்கள். வகுத்துக் கேட்கும் நேர்காணலுக்கு 0.42. மனம்போன போக்கில் கேட்பதற்கு 0.19. அவர்கள் பார்த்த தேர்வு முறைகளிலேயே முதலிடம் வகுத்துக் கேட்கும் நேர்காணலுக்குத்தான்.

இந்த எண்களைப் படித்தபோது, 1983இல் எனக்கு எதிரில் இருந்த மூன்று நாற்காலிகளை நினைத்துக்கொண்டேன். எத்தனை ஏக்கர் என்று கேட்பதற்கு அளவுகோல் ஏது? மூன்று ஏக்கருக்கு எத்தனை மதிப்பெண்? நிலமே இல்லாதவனுக்கு எத்தனை? கேட்டவர்களுக்கே தெரியாமல் மனத்துக்குள் ஒரு மதிப்பெண் விழுந்திருக்கும். ‘நீ என்ன செய்தாய்’ என்ற கேள்வி, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அதனால்தான் இதை நான் வரவேற்கிறேன்.

இனி, நான் தினமும் காண்பதைச் சொல்கிறேன். அடுத்தவர் நாட்டின் தலைநகரத்தை நாங்கள் உருப்போட்டோம். இந்தப் பிள்ளைகள் அடுத்தவர் வாழ்க்கையை உருப்போடுகிறார்கள். இணையத்திலிருந்து இறக்கிய மாதிரி விடைகள், செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்த விடைகள், சீனியர் கொடுத்துப் போன தாள்கள். பல கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே கதையைச் சொல்கிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட், ஒத்துழைக்காத ஒரு நண்பன், ‘நான் அவனிடம் மனம்விட்டுப் பேசினேன்’, கெடுவுக்கு முன்பே வேலை முடிந்தது. உலகத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு எங்களிடம் உருப்போட்ட விடை இருந்தது, சரி. உன்னைப் பற்றி மட்டுமே கேட்கிற கேள்விக்கும் உருப்போட்ட விடையா?

அந்த விடை இரண்டாவது கேள்வியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ‘அந்த நண்பரிடம் சரியாக என்ன சொன்னீர்கள்? அதற்கு அவர் என்ன பதில் சொன்னார்? வேறு வழி எதையாவது யோசித்தீர்களா? இன்று அதே நிலைமை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்?’ நேர்காணல் நடத்தத் தெரிந்தவர் இப்படித்தான் உள்ளே போவார். நடந்த சம்பவம் என்றால் எவ்வளவு தோண்டினாலும் அடுத்த விவரம் கிடைக்கும். இரவல் சம்பவத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. பிள்ளை விழிக்கிறது. தனக்கு ஆங்கிலம் வரவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அந்தத் தவறான முடிவுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கணினி அறிவியல் படிக்கும் ஒரு பெண் வந்திருந்தாள். அதிகாரம் இல்லாத இடத்தில் மற்றவர்களை இணங்க வைத்தது எப்போது என்று கேட்டேன். ப்ராஜெக்ட் நண்பனின் கதையைத் தொடங்கினாள். நிறுத்தி, உன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லும்மா என்றேன்.

“அப்படில்லாம் எதுவும் நடக்கல சார். நான் வேலைக்கே போனதில்லையே.”

“வீட்டுல என்ன வேலை செய்வ?”

“வீட்டு வேலைதான் சார். அப்புறம் அம்மாவோட குழுக் கணக்கு எழுதுவேன். அது என்ன, சும்மா நோட்டு.”

மகளிர் சுயஉதவிக் குழுவைச் சும்மா என்று தருமபுரியில் யாரும் சொல்ல முடியாது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். 1992இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. சேமிப்பு, உள்கடன், வட்டி, அபராதம், தீர்மான நோட்டு எல்லாம் சரியாக இருந்தால்தான் வங்கி கடன் தரும். அந்த நோட்டுகளை வருடக்கணக்கில் புரட்டிப் பார்த்துக் கடனுக்குப் பரிந்துரைத்தவன் நான். உட்கார்ந்து முழுதும் சொல்லச் சொன்னேன். தமிழில் சொல், அவசரமில்லை என்றேன்.

பதினைந்து பேர் கொண்ட குழு. பத்தாம் வகுப்பிலிருந்து விடுமுறை நாள் கூட்டங்களில் அவள்தான் கணக்கு எழுதுகிறாள். மற்ற நாள்களில் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் எழுதுவார். ஒரு மாதம் நோட்டுக்கும் பெட்டிக்கும் 1,800 ரூபாய் வித்தியாசம். நோட்டில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. ஊக்குநர்மேல் சந்தேகம் விழுந்தது. இரண்டு பேர் குழுவை விட்டுப் போகிறோம் என்றார்கள். குழு உடைந்தால் வரவிருந்த வங்கிக் கடனும் போய்விடும்.

“நீ என்ன செஞ்ச?”

“எல்லார் வீட்டுக்கும் சாயங்காலம் போய் அவங்கவங்க பாஸ்புக்கை வாங்கிட்டு வந்தேன் சார். சில பேர் கொடுக்கல. நீ ஊக்குநர் பக்கம்னு திட்டினாங்க. நீங்களே பக்கத்துல உக்காருங்க, உங்க முன்னாடியே பாத்துட்டுத் தந்துடுறேன்னு சொன்னேன். ஒவ்வொரு வரியா பெரிய நோட்டோட ஒத்துப் பாத்தேன். ஒரு அக்காவோட தவணை ரெண்டு தடவ ஏறியிருந்துச்சு. புதன்கிழமை ஊக்குநர் எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை பாஸ்புக்கைப் பாத்து நானும் எழுதியிருக்கேன்.”

“அதாவது, ரெண்டாவது பதிவு உன்னோடது.”

“ஆமா சார். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். ஊக்குநர் மேல தப்பில்ல, இது என் கையெழுத்துதான்னு காட்டினேன். அப்புறம், இனிமே யார் எழுதினாலும் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும், பெட்டியப் பூட்டுறதுக்கு முன்னாடி மொத்தத்தை வாய்விட்டு வாசிக்கணும்னு தீர்மானம் போட்டோம். யாரும் குழுவ விட்டுப் போகல. அந்த வருஷமே கடனும் வந்துச்சு.”

இவளைத்தான் ‘எதுவும் நடக்கவில்லை’ என்று சொல்லவைத்திருக்கிறோம். கருத்து வேறுபாட்டைக் கையாண்டது, அதிகாரமின்றி இணங்க வைத்தது, தன் பிழையைத் தானே கண்டு சபையில் சொன்னது, முறையைத் திருத்தியது என நான்கு கேள்விகளுக்கான விடை அந்த ஒரே சம்பவத்தில் இருந்தது. ஒரு மென்பொருள் நிறுவனம் தேடும் குணங்கள் இவைதான். அமேசான் தன் தலைமைக் கோட்பாடுகள் பதினாறையும் வெளிப்படையாக அச்சிட்டு, அவற்றை ஒட்டியே நேர்காணல் கேள்விகளை அமைக்கிறது. பொறுப்பைத் தன்னுடையதாக ஏற்பது, ஆழமாக இறங்கிப் பார்ப்பது, நம்பிக்கையைச் சம்பாதிப்பது என்று அதில் வரிசை உண்டு. அவள் கதையை அந்த வரிசைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இதையெல்லாம் சொல்லலாமா சார் என்று கேட்டாள். இதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அதன் பிறகுதான் ஸ்டார் முறையின் நான்கு பகுதிகளும் அவளுக்குப் பயன்பட்டன. சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும்: பதினைந்து பெண்களின் சேமிப்புக் குழு, 1,800 ரூபாய் வித்தியாசம். பொறுப்புக்கு ஒரு வாக்கியம்: வங்கிக் கடனுக்கு முன்பாகக் கணக்கை நேர் செய்து குழு உடையாமல் காக்க வேண்டும். நேரத்தில் பாதிக்கு மேல் செயலுக்கு: யார் வீட்டுக்கு முதலில் போனாள், மறுத்தவரிடம் என்ன சொன்னாள், எதை எதோடு ஒப்பிட்டாள். கடைசியில் விளைவு, எண்ணோடு. இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எலும்புக்கூடு நான்கும் எல்லோருக்கும் பொது. தசை அவரவர் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லும் முறையும் இதுதான். கேள்விப் பட்டியலை முதலில் தொடாதே. ஒரு நோட்டு எடு. நீ பொறுப்பேற்ற சம்பவங்களை மட்டும் எழுது. திருவிழா வரவு செலவு, தம்பியைப் பள்ளியில் திரும்பச் சேர்த்தது, அப்பா மருத்துவமனையில் இருந்தபோது கடையைப் பார்த்துக்கொண்டது, விடுதிச் சாப்பாட்டுக்காக வார்டனிடம் பேசியது, தறி நின்றபோது கடன்காரரிடம் தவணை கேட்டது. ஏழெட்டுச் சம்பவம் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, ஆட்கள் எத்தனை, பணம் எவ்வளவு, நீ சொன்ன சொல் என்ன, எதிரில் இருந்தவர் சொன்னது என்ன என்று குறி. பிறகு கேள்விப் பட்டியலை எடு. எந்தச் சம்பவம் எந்தக் கேள்விக்கு விடையாகும் என்று கோடு போட்டு இணை. பெரும்பாலான கேள்விகள் அந்த ஏழெட்டுக்குள் அடங்கிவிடும்.

அடுத்தபடி, தமிழில் வாய்விட்டுச் சொல். கைப்பேசியில் பதிவு செய்து கேள். கதை தமிழிலேயே தெளிவாக வரவில்லை என்றால் ஆங்கிலத்தில் வரவே வராது. தெளிவானபின் எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டு போ, வரிக்கு வரி மனப்பாடம் செய்யாமல். சம்பவத்தின் வரிசை மனத்தில் இருந்தால் வார்த்தை தடுக்கினாலும் கதை தடுக்காது. உருப்போட்டவன் ஒரு வரியை மறந்தால் மொத்தமும் போகும்.

இதில் மிகக் கடினமான இடம் பிள்ளைகளின் அடக்கம். எல்லாம் நாங்கள் சேர்ந்து செய்தோம் என்றே சொல்கிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல என்று வளர்க்கப்பட்டவர்கள். அந்த வளர்ப்பு நல்லது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் அறிய விரும்புவது உன் பங்கை. மற்றவர்கள் செய்ததை அவர்கள் பேரில் சொல், நீ செய்ததை உன் பேரில் சொல். கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னால் அது தற்பெருமை ஆகாது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். வரவை மறைப்பதும் பிழையான கணக்குதான்.

தோல்வியைக் கேட்கும் கேள்விக்குப் பல பயிற்சி மையங்கள் ஒரு தந்திரம் சொல்லித் தருகின்றன. ‘நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுவே என் குறை’ என்று சொல்லச் சொல்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு நேர்காணல் நடத்துகிறவர்களுக்கு அலுத்திருக்கும். உண்மையில் நடந்த தவறு, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, தெரிந்ததும் என்ன செய்தாய், அதன் பிறகு எது மாறியது என்று சொல்கிறவரையே நம்புவார்கள். 1,800 ரூபாய்க் கதை அங்கேயும் உதவியது. அந்தப் பெண் பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்துக்குப் போனபோது, நேர்காணல் நடத்தியவர் அந்தக் கணக்கைப் பற்றியே நீண்ட நேரம் கேட்டாராம். ‘இரண்டாவது பதிவு உங்களுடையது என்று வேறு யாருக்கும் தெரியாதே, சொல்லாமல் விட்டிருக்கலாமே?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஊக்குநர் அக்கா அழுதுகொண்டிருந்தார், எப்படி விட முடியும்?’ என்று சொன்னாளாம். இந்தப் பதில் எந்த மாதிரி வினாவிடைத் தாளிலும் இருந்திருக்காது. அவள் அங்கே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் அரசுக் கல்லூரிகள் வரை திறன் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. வேலைவாய்ப்புப் பிரிவு இல்லாத கல்லூரி இன்று அரிது. அங்கே பயிற்சி தருகிற ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே. மாதிரி விடைகளை விநியோகிக்கும் முன்பு, ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்து, வீட்டில் யார் என்ன செய்கிறார்கள், அதில் உன் பங்கு என்ன என்று கேளுங்கள். காது கொடுத்துக் கேட்டால் போதும். முதல் அரைமணி நேரம் ஒன்றும் இல்லை என்பார்கள். அதற்குப் பிறகுதான் தறியும் கடையும் குழுவும் கழனியும் வரும்.

நேர்காணல் நடத்துகிற நிறுவனத்தாரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ‘வேலையில் நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், சம்பளம் வாங்கிய வேலையை மட்டுமே கேட்கிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா வசதியாக இருந்தவனுக்கு இன்டர்ன்ஷிப் இருக்கும். அரையாண்டு விடுமுறையில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியவனுக்கு அது இருக்காது. ‘வீடு, ஊர், கல்லூரி, எங்கே நடந்ததாக இருந்தாலும் சரி’ என்ற ஒரு வரியை அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேளுங்கள். பந்தியில் சாப்பாடு தீர்ந்துபோன நேரத்தில் அவன் எப்படிச் சமாளித்தான் என்று அப்போதுதான் தெரியவரும். எல்லோருக்கும் ஒரே கேள்வி என்ற நியாயம் அந்த ஒரு வரியால்தான் முழுமை பெறும்.

எங்கள் தலைமுறையிடம் யாரும் கேட்கவில்லை. இந்தத் தலைமுறையிடம் கேட்கிறார்கள். உழைத்து வளர்ந்த வீட்டுப் பிள்ளையிடம் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அது பதில்தான் என்று அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரியவர்களாகிய நாம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.